ஏசியில் காய்ந்த வடகம்

தற்சார்பு வாழ்க்கைக்கு முதலில் தேவைப்படுவது நல்ல கூரியர் வசதி. இதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

சென்னை அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவையாற்றுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் வீட்டுக்கு வந்தபோது, இனி என் உணவை நானே விளைத்து, நானே பக்குவம் செய்து, நானே சேமித்து உண்பது என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு வேண்டிய கண்ணாடி ஜாடிகள், காய் உலர்த்தும் வலைகள், மரக்கரண்டிகள் எல்லாம் கூரியரில் வந்தன. வேதாரண்யத்துக் கல்லுப்பு பெங்களூர் வரைக்கும் போய், ஒரு சணல் பைக்குள் ஏறி, அழகான முத்திரையோடு எங்கள் பக்கமே திரும்பி வந்தது. ஒருநாள் மண்புழு வந்தது. அதைக் கொண்டுவந்த கூரியர்காரர், வீட்டைச் சுற்றி நாலாபுறமும் கிடந்த வயலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வருஷம் தேனில் ஊறப்போட்ட நெல்லிக்காய் புளித்துப் பொங்கி, மூடியைத் தானே திறந்துகொண்டு சமையலறைச் சுவரில் ஏறியது. மனைவி அந்தக் கறையைத் துடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அப்படியே வைத்திருந்தாள். இரண்டாம் வருஷம் நார்த்தங்காயில் பூஞ்சை பிடித்தது. இதிலும் நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை உண்டு என்று நான் ஒரு ஜப்பானிய உதாரணத்தோடு விளக்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜாடியைக் குப்பைக்குழியில் கவிழ்த்தாள்.

உண்மையைச் சொன்னால், நான் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் தற்சார்பு வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான். நான் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்த வருஷங்களில் மனைவி ஊரில் இருந்தாள். கோடை வந்தால் வற்றல், வடாம், மோர்மிளகாய், மாவடு என்று வரிசையாக மொட்டைமாடிக்கு ஏறும். வெயில் தணியும்போது எல்லாம் இறங்கிப் பரணுக்குப் போகும். இந்த வரிசையில் தலையாயது வடகம். வெளியூர் வாசகர்கள் இதை அரிசி வடாத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்த உருண்டை அது. குழம்பு கொதித்து இறங்கும்போது அதில் ஒரு துண்டு கிள்ளி எண்ணெயில் பொரித்துக் கொட்டினால், எந்த வீட்டில் மீன் குழம்பு என்று தெருவுக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்கு ரகசியம் கிடையாது.

போன வருஷம் இந்த வடகம் எங்களுக்கு ஒரு மரியாதைப் பிரச்சினையாகிவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண். பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. பெண் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு மடிக்கணினியில் ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். அவள் உண்டானதும் எங்களுக்கு ஒரே யோசனைதான்: தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் சம்பந்தி அம்மாள் யோசித்திருந்தார். நல்ல டாக்டர் பட்டுக்கோட்டையிலேயே இருக்கிறார், வீடு காற்றோட்டமானது, இன்டர்நெட் நிற்பதில்லை, அவள் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று போனில் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். மறுமுறை பேச்சுவாக்கில் இல்லாமலே சொன்னார். அவர் கணவர் விடிந்தால் கொப்பரைக் களம், இருட்டினால் டிவி. மகன் கடல் தாண்டி. அந்தப் பெரிய வீட்டில் பேசுவதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் எங்கள் பெண். இது எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, எங்களுக்கும் ஒரே பெண்.

பெண் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தாள். பேசினால் வாந்தி வந்தது. மூன்று மாதத்தில் நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. எண்ணெய் காய்ந்தால் வாந்தி, சாம்பார் கொதித்தால் வாந்தி. அவள் எங்கே வந்து எதைச் சாப்பிட்டு எப்படிப் பிள்ளை பெறப்போகிறாள் என்பதுதான் எங்கள் வீட்டின் காலைக் கவலை. மாலைக் கவலையும் அதுவே.

மனைவி அவளுடைய வருகைக்குத் திட்டம் போட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைப்பதற்குப் பூண்டு, மிளகு, கருவாடு எதையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம், வடகம் மட்டும் வாங்கக் கூடாது என்பது அவள் சட்டம். கடை வடகத்தில் உளுந்துக்குப் பதில் என்ன போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். எங்கள் வயலிலேயே நெல் அறுவடைக்கு முன்னால் தெளித்த உளுந்து நன்றாக விளைந்து வந்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் மனைவிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. குனியக் கூடாது, புகை ஆகாது, தூசி ஆகாது, வெங்காயத்தின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி, ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார். கத்திரி வெயிலோ தலைக்கு மேல். இந்த வெயிலை விட்டால் வடகம் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் பேரப்பிள்ளை நடக்கும்.

நான் செய்கிறேன் என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகபாவம் எனக்குத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வாங்கி வந்தேன். அவள் சொல்லி அனுப்பியது அதில் ஒரு மூலைக்குக் காணும். கொஞ்சம் செய்தாலும் அதே உழைப்பு, நிறையச் செய்தாலும் அதே உழைப்பு என்பது நான் எங்கோ படித்த கொள்கை. உரிக்கிற வேலைக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்பது உரிக்கும்போதுதான் தெரிந்தது. மூட்டையைக் கண்டதும் மனைவி, "ஏங்க, பொறக்கப்போறது ஒரு புள்ளையா, ஒரு ஊரா?" என்று கேட்டாள்.

வாசலில் காற்றாட உட்கார்ந்து உரித்தேன். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது. வெங்காயக் காற்று படாமல் எட்டத் தள்ளி மனைவி கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் அமர்ந்து, தோல் விடாமல் உரிக்கிறேனா என்று காதாலேயே கவனித்துக்கொண்டிருந்தாள். தெருவில் சைக்கிளில் போனவர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். பிறகு மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது: ஆபரேஷன் ஃபெயில், அந்தம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, சார் வாசலில் உட்கார்ந்து அழுகிறார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார்கள். வந்த கையோடு அவர்களையும் உரிக்க உட்காரவைத்தோம்.

மறுநாள் கலவை தயாரானது. மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆணையிட்டாள். வெந்தயம் அதிகமானால் கசக்கும், உப்பு குறைந்தால் புழு வைக்கும், விளக்கெண்ணெய் கையில் பட்டால் போதும், குளிக்கவைக்க வேண்டியதில்லை. நான் உருட்டினேன். என் உருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில் இருந்தன. இயற்கையில் எதுவும் சீராக இருப்பதில்லை என்றேன். மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்தேன். சாயங்காலம் எடுத்து, உதிர்த்து, மறுபடி எண்ணெய் தொட்டு உருட்டி, மறுநாள் மறுபடி மாடிக்கு. சிவந்து, இறுகி, காடை முட்டை மாதிரி புள்ளிவிழுந்து வந்தபோது எனக்கு உண்மையாகவே பெருமை வந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். என் தம்பி கைகூப்பினான். சம்பந்தி அம்மாள் ஒரு கட்டைவிரல் போட்டார். பெண் எதுவும் போடவில்லை. படத்தைப் பார்த்தே அவளுக்குக் குமட்டியது என்பது பிற்பாடு தெரிந்தது.

பாதி காய்ந்திருக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. மதியம் வரைக்கும் அடிக்கிற வெயில், பிறகு மேற்கே கறுத்து, காற்று, இடி, ஒரு கொட்டு. மறுநாளும் அப்படியே. அரைகுறையாகக் காய்ந்த வடகம் ஈரக்காற்றில் இருந்தால் ஊசிப்போய் நூல் கட்டிவிடும். ஃபேனுக்கு அடியில் போட்டுப் பார்த்தேன். போதவில்லை. நெல்லிக்காயும் நார்த்தங்காயும் போன வழியில் வடகமும் போகப்போகிறது என்று மனைவி பெருமூச்சு விட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

பெண் வரப்போகிறாள் என்பதற்காகப் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, ஏசி மாட்டியிருந்தோம். ஏசியோடு வந்த கையேட்டை முழுவதும் படித்த ஒரே வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். அதில் ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட பொத்தானைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை அழுத்தினால் அறையின் ஈரப்பதத்தை இயந்திரம் உறிஞ்சி வெளியேற்றிவிடும். கதவைச் சாத்தினால் மழை, காக்கை, தூசி எதுவும் கிடையாது. வடகத்தைக் கட்டிலிலும் தரையிலும் விரித்தேன். பொத்தானை அழுத்தினேன்.

"அந்த ரூம்லயா?" என்றாள் மனைவி.

கதவு சாத்தியிருக்கிறது, வாசனை உள்ளேயே இருக்கும் என்றேன். நான் சொன்னது அப்படியே பலித்தது.

வடகம் பிரமாதமாகக் காய ஆரம்பித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வாசனை எதுவும் தெரியவில்லை. இத்தனை நாளாக அதிலேயே புழங்கியதில் மூக்கு வேலையை விட்டுவிட்டது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த அறையை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஏன் உடனே வெளியே போய் நின்று பேசினார் என்றும் நாங்கள் யோசிக்கவில்லை.

வளைகாப்பு வைகாசியில், ஏழாம் மாதத்தில், பட்டுக்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டில். முறைப்படி நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, எல்லோருக்கும் பரிமாறி, பெண்ணை அழைத்து வர வேண்டும். காலையில் புறப்படுவதற்கு முன் ஏசி அறைக்குள் போய் வடகத்தை ஒருமுறை புரட்டிவிட்டேன். கையை நன்றாகச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். வெங்காய மூட்டை வந்த அதே காரில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் ஏறின. ஒரத்தநாட்டைத் தாண்டும்போது மனைவி, ஊரே வடகம் போட்டிருக்கு போல, இங்கேயும் வாசனை வருது என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

பந்தல் நிறைய உறவு. பெண் பட்டுப்புடவையில், மெலிந்த முகத்தில் பெரிய கண்களோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வரிசையாகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அப்பாவும் வந்து சந்தனம் வையுங்கள் என்று யாரோ சொல்ல, நான் குனிந்து அவள் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அவள் முகம் மாறியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளையல்கள் அத்தனையும் குலுங்க உள்ளே ஓடினாள். நான் சந்தனக் கையோடு அப்படியே நின்றேன். வீடியோ எடுத்தவர் அதை நன்றாகவே எடுத்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பெண் கேட்டாள். "அப்பா, நீங்க கிட்ட வராதீங்க. அங்கேயே நின்னு சொல்லுங்க. வடகத்தை எங்க காயவச்சீங்க?"

மாடியில் என்று ஆரம்பித்தேன். மனைவி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்கட்டு ரூம்ல என்றாள்.

"என் ரூம்லயா?"

ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

அவள் அன்றைக்கு வரவில்லை. எங்கள் காரின் கதவைத் திறந்ததுமே திரும்பிப் போய்விட்டாள். சம்பந்தி அம்மாள் எங்களிடம் மிகவும் பரிவாகப் பேசினார். அந்தப் பரிவில் ஒரு சின்ன வெற்றிக்கொடி பறந்தது. பிள்ளைத்தாய்ச்சி வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள், நின்றுபோன பயணத்தை மறுபடி எடுப்பது நன்றாயிருக்காது, இங்கேயே இருக்கட்டும் என்றார். கட்டுச்சோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள். புளிச்சோறு நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள். காரின் பின்சீட்டில் பெண்ணுக்காகப் போட்டிருந்த தலையணையை மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஈரமாக இருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

கணக்கு எளிமையானது, கொடுமையானது. அடுத்த மாதம் எட்டாம் மாதம், இரட்டைப்படை, அழைத்து வர மாட்டார்கள். அதற்கடுத்தது ஒன்பது, ஆனால் அது ஆடி. ஆடியில் யாரும் பெண்ணை அழைத்து வர மாட்டார்கள். ஆக வைகாசி முடிவதற்குள் அவள் வர வேண்டும். அல்லது வரமாட்டாள்.

நான் அறையைச் சுத்தம் செய்ய இறங்கினேன். வடகத்தைக் கூடையில் அள்ளி மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினேன். அறையில் சாம்பிராணி போட்டேன். சாம்பிராணியும் வடகமும் கலந்து, கோயிலில் மீன் குழம்பு வைத்தது மாதிரி ஆயிற்று. அடுப்புக்கரியை மூலைக்கு மூலை வைத்தால் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன், வைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். காப்பித்தூளைத் தட்டில் பரப்பினேன். நான் செய்தவற்றில் எதுவும் எதையும் விரட்டவில்லை. எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கப் பழகிக்கொண்டன. கடைசியில் ஏசி கழுவும் ஆளைத் திருவையாற்றிலிருந்து வரவழைத்தேன். அவர் முன்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்துவிட்டு, இறங்கி வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்து, "சார், இதுக்குள்ள சமையல் பண்ணீங்களா?" என்று கேட்டார். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்துவிட்டது, கழுவிப் பார்க்கலாம், முழுசாகப் போகுமா என்று சொல்ல முடியாது என்றார். முழுசாகப் போகவில்லை.

இதற்கிடையில் மனைவியும் பெண்ணும் போனில் நிறையப் பேசினார்கள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. பிள்ளைப்பேற்றைப் பற்றிய பெண்கள் பேச்சு என்று நாகரிகமாக விலகிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் மனைவி, பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து விளக்குங்கள் என்றாள். எதற்கு என்றேன். சீர் கொண்டுபோகிறோம் என்றாள். வளைகாப்புச் சீர்தான் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டதே.

"வடகச் சீர் கொடுக்கலையே," என்றாள்.

மாட்டுக்கொட்டகையிலிருந்து கூடையைத் தூக்கிவரச் சொல்லி, தாம்பாளங்களில் வடகத்தைக் கோபுரமாக அடுக்கினாள். மேலே வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள். எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் பதறிப்போனேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு இதைக் கொண்டுபோவதா என்றேன். பெண்வீட்டுச் சீரை வாசலில் வைத்து வேண்டாம் என்று சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை என்பதை மட்டும் அவள் பதிலாகச் சொன்னாள். சம்பந்தி வீட்டில் வடகம் இருக்கிறவரைக்கும் பெண் அங்கே இருக்க முடியாது. வடகம் போய்விட்ட எங்கள் வீட்டில் இருக்க முடியும். அந்த ஒரு அறையைத் தவிர. நம் வயல்களில் எலி வளைக்குள் புகை போட்டு மறுவாசலில் காத்திருப்பார்கள். அது மாதிரியான திட்டம் இது. என் மனைவிக்கு இப்படியொரு யுத்தத் திறமை இருந்ததை இத்தனை வருஷம் உப்பும் மிளகாயும் மறைத்து வைத்திருந்திருக்கின்றன.

நான் வடகத்தோடு எங்கள் காரில் போனேன். மனைவி வாடகைக் காரில் பின்னால் வந்தாள். அந்தக் காரில் வேறு எந்த வாசனையும் இல்லை என்பதை அவள் ஏறுமுன் இரண்டு கதவையும் திறந்து உறுதிசெய்துகொண்டாள்.

சம்பந்தி அம்மாள் வாசலுக்கு வந்தார். தாம்பாளங்களைப் பார்த்தார். ஒரு நீண்ட மூச்சு உள்ளே இழுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவியும் அவரைப் பார்த்தாள். ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார், ஒருவர் போடவில்லை என்பதைத் தவிர அந்தப் பார்வையில் வித்தியாசம் இல்லை.

"சீர் கொடுக்க வந்தீங்களா சம்பந்தி, புகை போட வந்தீங்களா?" என்று கேட்டார்.

மனைவி சிரித்தாள். "வாங்கிக்கிட்டா சீருங்க. வாங்கலைன்னா புகைதான்."

சம்பந்தி அம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அதை உள்ளே கொண்டுபோகாமல் நேராகக் கொல்லைப்புறம் கொப்பரைக் களத்துக்கு எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது தாம்பாளத்தோடு நான் பின்னால் போனேன். களத்தில் உடைத்த தேங்காய்கள் வெள்ளை வெள்ளையாகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் சாக்கை விரித்து வடகத்தைக் கொட்டினார். ஓர் உருண்டையை எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்தார். கட்டியாக உருட்டிவிட்டீர்கள், உள்ளே இன்னும் காயவில்லை, வெந்தயமும் தூக்கல் என்றார். நான் பணிவோடு கேட்டுக்கொண்டேன். இதை உதிர்த்து, பூண்டு கூட்டி, மறுபடி உருட்டிப் பத்தியத்துக்கு அனுப்பிவைக்கிறேன் என்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, வடகத்தைப் பரப்பிக்கொண்டே சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. வீடுதான் வெறிச்சுனு ஆயிடும். தினம் போன் பண்ணச் சொல்லுங்க."

பண்ணச் சொல்கிறேன் என்றேன். நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு; தேவைப்படுகிற இடத்தில் அது கூட வருவதில்லை.

பெண்ணின் பெட்டி வாசலிலேயே கட்டித் தயாராக இருந்தது. புடவை மடிப்புக் கலையாமல், முகம் கழுவி, தலைசீவி நின்றாள். வடகம் எதிர்பாராமல் வந்து ஒருவரை விரட்டினால் பெட்டி இவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவள் அத்தையைக் கட்டிக்கொண்டாள். இருவருமே கொஞ்சம் அழுதார்கள். எனக்கு அனுமதியில்லாத வாடகைக் காரில் அம்மாவோடு ஏறிப் போனாள். நான் என் காரில், எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் பின்னால் வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றோம். முன்னறைக்குள் போனாள். அங்கே கட்டிலை இழுத்துப் போட்டிருந்தோம், ஜன்னலுக்கு வெளியே வயல், தரிசாக, எதன் வாசனையும் இல்லாமல். உட்கார்ந்தாள்.

"எப்பம்மா முடிவு பண்ணீங்க ரெண்டு பேரும்?" என்று நான் கேட்டேன்.

"வளைகாப்பு அன்னிக்கு ராத்திரியேப்பா. அத்தைகிட்ட நானா வர்றேன்னு சொல்ல மனசு வரலை. அவங்களும் பாவம்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்ககிட்டயும் சொல்லல. நீங்க முகத்துல காட்டிடுவீங்க."

காட்டியிருப்பேன் என்பதில் எனக்கே சந்தேகமில்லை.

ஏசி அறை எனக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல குளிர். கண்ணை மூடினால் மீன் குழம்புக்கு நடுவில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும், வேறு குறையில்லை. சமையலறையில் எண்ணெய் காய்வது நிறுத்தப்பட்டது. தாளிப்பே இல்லாத ரசமும் உப்புப் போட்ட கஞ்சியும் எங்களுக்குச் சாப்பாடு. பரணில் எல்லா வகை வற்றலும் ஊறுகாயும் இருந்தன. ஒன்றின் மூடியையும் திறக்க முடியாது. பெண் அந்தக் கஞ்சியையும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மனைவி ஒவ்வொன்றாக முயன்றாள். இட்லி, வெந்நீரில் கரைத்த சத்துமாவு, எங்கள் வயல் அரிசியில் குழைந்த சோறு, எங்கள் மரத்து எலுமிச்சையில் சாறு. வீட்டில் விளைந்த எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. வந்து சேர்ந்தாள் என்ற நிம்மதி போய், வந்தும் இப்படியா என்ற கவலை ஆரம்பித்தது. பட்டுக்கோட்டையிலிருந்து தினமும் போன். என்ன சாப்பிட்டாள் என்ற கேள்விக்கு மனைவி சுற்றிவளைத்துப் பதில் சொன்னாள். போரில் ஜெயித்தவர்களுக்கு இது ஒரு சங்கடம்.

ஒருநாள் மாலை பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். திருவையாறு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் வட்டமாக ஒரு பன் விற்பார்களே, பள்ளிக்கூடம் போகும்போது வாங்குவேனே, அது கிடைக்குமா என்றாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் உறையில், மேலே பளபளவென்று, நடுவில் ஒரு சிவப்பு ஜெல்லிப் பழத்தோடு இருந்தது. அந்தச் சிவப்பு எந்தச் செடியிலிருந்தும் வந்ததில்லை. மைதா, சர்க்கரை, வனஸ்பதி. நான் எதையெல்லாம் விட்டு ஓடி ஊருக்கு வந்தேனோ அவையெல்லாம் அதற்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

அவள் பாதியைப் பிட்டுத் தின்றாள். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். மீதிப் பாதியையும் தின்றாள். பால் கேட்டாள். குடித்தாள். சாய்ந்து உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எதுவும் திரும்பி வரவில்லை. இன்னொன்று இருக்கா என்று கேட்டாள்.

இந்த பன்னை வீட்டிலேயே செய்துவிடலாம், கோதுமை மாவில், நாட்டுச் சர்க்கரை போட்டு, ஈஸ்ட்டுக்குப் பதிலாக நாமே புளிக்கவைத்து, என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தது. பார்வை மிகத் தெளிவாக இருந்தது.

"அவ சாப்பிடுறா," என்றாள். "நீங்க வாயைத் தொறக்காதீங்க."

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்தேன். பேக்கரி மூடுவதற்குள் போக வேண்டும்.